கமெராவைத் தூக்காமல் ஒரு வாசிப்பு

இலங்கையின் சீகிரியாக் குன்றின் மேற்குப் பக்கத்தில், இரும்புச் சுழல் படியேறிப் போய்ப் பார்க்கும் ஓவியங்களைப் படமெடுக்கத் தடை இருக்கிறது. காவலுக்கு நிற்பவருக்கு உயரும் கைபேசி எல்லாமே கமெராதான். அந்த இடத்தில் ஒரு கியூஆர் சதுரத்தை ஒட்டி, விளக்கம் வேண்டுவோர் ஸ்கேன் செய்யலாம் என்று எழுதி வைத்தால் கூத்துதான்: ஒரு பலகை கமெராவை எடு என்னும், இன்னொன்று எடுக்காதே என்னும்.

இப்படிப்பட்ட இடத்துக்கென்றே செய்ததுபோல ஒரு பொருள் இருக்கிறது. என்எஃப்சி டேக். அண்மைப் புலத் தொடர்பு என்று பாடநூல்கள் சொல்லும் நுட்பத்தில் இயங்கும் சிறு ஸ்டிக்கர் அது. கைபேசியின் முதுகை அதன்மீது வைத்தால் போதும். விளக்கம் திரைக்கு வந்துவிடும். லென்ஸுக்கு அங்கே வேலையே இல்லை.

அந்த ஸ்டிக்கரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே வளைந்து வளைந்து ஓடும் மெல்லிய உலோகக் கோடு தெரியும். அதன் இரு முனைகளும் சேரும் இடத்தில் கடுகைவிடச் சிறிய கரும்புள்ளி ஒன்று. கோடுதான் ஆன்டெனா, புள்ளிதான் சில்லு. பேட்டரி என்று எதுவும் இல்லை. மின்சாரத்தைக் கொடுப்பது கைபேசி. அதற்குள் இருக்கும் கம்பிச்சுருள், நொடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை அலைவுறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. மாறும் காந்தப்புலம் பக்கத்துச் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று மைக்கேல் பாரடே 1831இல் காட்டிய அதே விளைவுதான் சில்லை விழிக்க வைக்கிறது. விழித்த சில்லு தானாக எதையும் ஒலிபரப்புவதில்லை. தன் சுருளிலுள்ள மின்சுமையைக் கூட்டிக் குறைக்கிறது; அதனால் கைபேசி தன் புலத்தில் ஏற்படும் நுண்ணிய தள்ளாட்டத்தை உணர்ந்து, அதையே பதிலாகப் படித்துக்கொள்கிறது.

இந்தப் பேச்சு நடப்பது சில சென்டிமீட்டருக்குள் மட்டுமே. சுருளின் அளவைத் தாண்டிவிட்டால், தூரம் இரண்டு மடங்காகும்போது புலம் ஏறத்தாழ எட்டில் ஒன்றாகச் சுருங்கிவிடும். குறைபாடு போலத் தோன்றும் இதுதான் இதே நுட்பத்தில் இயங்கும் வங்கி அட்டைகளுக்கு வசதியானது: வரிசையில் பின்னால் நிற்பவரின் அட்டையில் தெரியாத்தனமாகக் காசு கழியாது.

தொடாமல் காட்டும் பயண அட்டைகள் ஆசியாவுக்குப் பழக்கமானவை. ஹொங்கொங்கின் ஒக்டோபஸ் அட்டை 1997இலும், ஜப்பானின் சுய்கா 2001இலும் வந்தன. நோக்கியா, பிலிப்ஸ், சோனி மூன்றும் 2004இல் என்எஃப்சி ஃபோரம் என்ற அமைப்பை உருவாக்கிப் பொது விதிமுறைக்கு வழிசெய்தன. லண்டன் அருங்காட்சியகம் 2011இலேயே நோக்கியாவுடன் சேர்ந்து காட்சிப்பொருள்களின் அருகே டேக்குகளை வைத்தது. அப்போது அதைப் படிக்கக்கூடிய கைபேசி வைத்திருந்தவர்கள் சொற்பம். இன்று நிலைமை வேறு. 2018க்குப் பின் வந்த ஐபோன்களில் தனிச் செயலிகூட வேண்டியதில்லை.

சரி, டேக்கில் எவ்வளவு எழுதலாம்? பரவலாக விற்கும் என்டேக் 213 வகைச் சில்லில் பயனருக்குக் கிடைப்பது 144 பைட். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட்டோடு நின்றுவிடும். தமிழுக்கு யுடிஎஃப்-8 முறையில் எழுத்துக்கு மூன்று, அதன்மேல் ஏறும் கொம்புக்கும் காலுக்கும் தனியாக மூன்று. ‘சீகிரியா’ என்ற நான்கெழுத்தே 24 பைட்டை விழுங்கிவிடும். ஒரு முழு வாக்கியம் எழுதுவதற்குள் இடம் தீர்ந்துபோகும். அதனால்தான் டேக்குகளில் பெரும்பாலும் இணைய முகவரியை மட்டும் எழுதுகிறார்கள். விளக்கம் வேறெங்கோ இருக்கிறது. சிக்னல் கிடைக்காத உச்சியில் அது வெறும் முகவரியாகவே நின்றுவிடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தச் சில்லில் எழுதியது 10 ஆண்டுகள் அழியாதிருக்கும் என்று தயாரிப்பாளர் உறுதி தருகிறார். ஆயிரம் ஆண்டு தாண்டி நின்ற எழுத்தும் சீகிரியாவில் உண்டு: அங்கே கண்ணாடிச் சுவர் எனப்படும் சுவரில் பெரும்பாலும் 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை வந்துபோனவர்கள் கீறிய பாடல்களில் 685ஐப் படித்தெடுத்து, தொல்லியலாளர் செனரத் பரணவிதான 1956இல் நூலாக வெளியிட்டார்.

இடம் தேர்வதில் பௌதிகம் குறுக்கிடுகிறது. பாறை, மரம், பிளாஸ்டிக் எதுவும் இந்தக் காந்தப்புலத்தைப் பெரிதாகத் தடுப்பதில்லை. இரும்பு அப்படியல்ல. சுழல் படியின் கைப்பிடியில் சாதாரண டேக்கை ஒட்டினால் உலோகத்தில் சுழல் மின்னோட்டங்கள் எழுந்து புலத்தை எதிர்த்து அடக்கிவிடும். டேக் செத்ததுபோலக் கிடக்கும். இடையில் ஃபெரைட் தகடு வைத்த டேக் வாங்க வேண்டும், விலை கூடும்.

பூட்டும் முக்கியம். பூட்டாத டேக்கை என்எஃப்சி உள்ள எந்தக் கைபேசியாலும் அழித்து எழுதலாம். கண்ணாடிச் சுவரில் பெயர் கீறிய ஓர் இளம்பெண்ணுக்கு 2015இல் 2 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஜனாதிபதி மன்னிப்பு அளித்த பிறகே வெளியே வந்தார். டேக்கில் கிறுக்குபவரைப் பிடிக்க அடையாளம்கூட மிஞ்சாது. ஒருமுறை பூட்டிவிட்டால் மறுபடி திறக்கவே முடியாத வசதி சில்லிலேயே இருக்கிறது. ஆனால் பூட்டுமுன் முகவரியை இருமுறை சரிபார்ப்பது நல்லது. பூட்டிய டேக்கின் மேல் வேறொருவர் மோசடி ஸ்டிக்கரை ஒட்டுவதைத் தடுக்க எந்தப் பூட்டும் உதவாது. அதற்குக் கண்காணிக்கும் ஆள்தான் வேண்டும்.

இன்னொரு சிக்கல், கூட்டம். கியூஆர் என்றால் நாலு பேர் எட்ட நின்றே படிக்கலாம். டேக்கை ஒரு நேரத்தில் ஒருவர்தான் தொட முடியும். நெரிசலான படியில் அது வரிசையை நிறுத்திவிடும். எனவே டேக்குகளுக்கு ஏற்ற இடம் கீழே: நீர்த் தோட்டத்தின் பலகைகள், ஜப்பானிய உதவியுடன் கட்டிய அருங்காட்சியகம், ஏறுமுன் மூச்சு வாங்கும் பெஞ்சுகள். ஐபோன்காரர் மேல் விளிம்பையும், ஆண்ட்ராய்ட்காரர் பெரும்பாலும் முதுகின் நடுப்பகுதியையும் வைக்க வேண்டும் என்று பலகையில் ஒரு படம் வரைந்துவிட்டால், எங்கே தொடுவது என்று தடவிக்கொண்டிருக்கும் நேரமும் மிச்சமாகும்.