நிப்பா என்னும் மூளை நோய்

மனிதன் கால்நடைகளைக் கட்டி வளர்க்கத் தொடங்கிய நாள்முதல் அவற்றின் பாலையும் உழைப்பையும் ஊனையும் பெற்று வருகின்றான். அவற்றின் நோய்களையும் உடன்பெற்று வருகின்றான். வெறிநாய்க்கடியால் விளையும் துன்பத்தை அறியாதார் இலர். ஆயின், கொட்டிலில் வாளா நிற்கும் பிராணியின் மூச்சும் சிறுநீருங்கூட அதனைப் பேணுவோனின் மூளைக்குக் கேடு பயத்தல் கூடும் என்பதைப் பலர் அறியார். இதற்கு 1998, 1999-ஆம் ஆண்டுகளில் மலேசியாவில் எழுந்த நிப்பா நோய் தக்க சான்றாகும்.

1998 செப்டம்பர் இறுதியில், பேராக் மாநிலத்து ஈப்போ நகரையடுத்த பன்றிப் பண்ணைகளில் உழைத்தோர் சிலர் ஜுரமும் தலைவலியும் கொண்டு வீழ்ந்தனர். சின்னாளில் அறிவு தடுமாறி மயங்கினர். இது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதப்பட்டது. அக்கருத்து காரணமற்றதன்று. அந்நோயின் வைரஸும் பன்றியின் உடலிற் பெருகிக் கொசுவின் வாயிலாக மனிதரைச் சேர்வதே. ஆதலின் கொசுவை ஒழிக்கப் புகை பரப்பினர். மக்களுக்குத் தடுப்பூசி இட்டனர். நோயோ அடங்கவில்லை.

உற்று நோக்கினார்க்கு ஐயங்கள் சில எழுந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரைப் பற்றுவது. இதுவோ வளர்ந்த ஆடவரையே மிகுதியும் பற்றிற்று. கொசு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. இந்நோயோ பன்றிகளோடு நெருங்கிப் பழகினாரையே பெரிதும் நாடிற்று. தடுப்பூசி பெற்றாரும் நோயுற்றனர். மேலும், பண்ணைகளிற் பன்றிகள் உரத்த குரலில் இருமிக்கொண்டிருந்தன. இறந்தவை சிலவே ஆதலின் அவ்விருமலை எவரும் பெரிதாக எண்ணவில்லை.

1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துவந்த சுவா காவ் பிங் என்பார், சுங்கை நிப்பா என்னும் சிற்றூரைச் சேர்ந்த நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து முன்னறியப்படாத வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அவ்வூரின் பெயரே நோய்க்கும் பெயராயிற்று.

இவ்வைரஸ் மூளையிற் செய்யும் கேடு இருவகைத்து. ஒன்று, நுண்ணிய இரத்தக் குழாய்களைப் புண்படுத்தி, அவற்றுள் இரத்தத்தை உறையச்செய்து, மூளையின் சிறு சிறு பகுதிகளை ஊட்டமின்றி மடிவித்தல். மற்றொன்று, நரம்பணுக்களுள் நேரே புகுந்து அழித்தல். கேடு ஓரிடத்தில் நில்லாது மூளையெங்கும் சிதறிக் கிடத்தலின் நோய்க்குறிகளும் பலவாயின. ஜுரம், தலைவலி, தலைச்சுற்றல், வாந்தி என்பன முதலில் தோன்றும். பின்னர் நோயாளி அரைத் துயிலில் ஆழ்வான். வினாவியதற்குப் பொருந்தா விடை பகர்வான். கழுத்து, கை முதலிய இடங்களில் தசைகள் தாளத்திற்கு இசைந்தாற்போல் வெட்டி வெட்டித் துடிக்கும். முழங்காலைத் தட்டினால் எழவேண்டிய உதைப்பு எழாது. நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் மிக உயருமாயின், மூச்சையும் இதயத்தையும் ஆளும் மூளைத்தண்டும் தாக்குண்டது என மருத்துவர் அஞ்சுவர். பிழைத்து வீடு சென்றாருள்ளும் சிலருக்கு, மாதங்களோ ஆண்டுகளோ கழிந்தபின் மூளை அழற்சி மீண்டும் தோன்றிற்று.

இதற்கிடையே, அஞ்சிய பண்ணையார் சிலர் தம் பன்றிகளை விரைந்து விற்றனர். அவை சென்றவிடத்திற்கு நோயும் சென்றது. நெகிரி செம்பிலான் மாநிலம் பெருந்துயருற்றது. சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர் 11 பேர் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். மலேசியாவில் நோயுற்றோர் 265 பேர். மாண்டோர் 105 பேர். ஏறக்குறையப் பத்து லட்சம் பன்றிகளைக் கொன்ற பின்னரே நோய் ஓய்ந்தது.

பன்றிக்கு இது எங்கிருந்து வந்தது? பழந்தின்னி வௌவால்களே இவ்வைரஸின் இயற்கை இருப்பிடம் என்று பின்னர்த் தெளிந்தனர். பண்ணையை அடுத்துப் பழமரங்கள் நின்றன. வௌவால் கடித்துப்போட்ட கனி கொட்டிலில் வீழ, அதனைப் பன்றி உண்டது என்பது ஆராய்ந்தோர் கருத்து. 2018-ஆம் ஆண்டில் கோழிக்கோட்டிலும் இந்நோய் தோன்றிப் பலர் உயிரைக் கவர்ந்தது. ஆங்குப் பன்றி இடையில் நிற்கவில்லை. நோயாளியிடமிருந்தே பிறர்க்குப் பரவிற்று. ஆதலின் இதனை அயல்நாட்டுச் செய்தியென்று நாம் ஒதுக்குதல் தகாது.

இவ்வரலாறு உணர்த்துவன இரண்டு. புதிய நோய்க்குப் பழம்பெயரை இட்டவுடன் ஆராய்ச்சி முடிந்ததெனக் கொள்ளலாகாது. பொருந்தாத சிறு செய்தியே உண்மைக்கு வாயிலாதல் கூடும். பட்டியை மேய்ப்பவன் மயங்கி வீழ்ந்தால், அவன் பட்டியையும் சென்று பார்த்தல் வேண்டும். உயிர்களை ஆளும் உரிமை மனிதனுக்கு அளிக்கப்பட்டது என்பது வேதம். ஆளுதலாவது காத்தலும் ஆகும். பிராணியின் இருமலுக்குச் செவிசாய்ப்போன், அதனைப் பேணும் ஏழைத் தொழிலாளியின் உயிரையும் காப்போன் ஆவான்.