மூக்கைத் தாழ்த்தி நிற்கும் பின் அச்சு

அமெரிக்க டிராக் பந்தயத்தில் வளைவு கிடையாது. வழக்கமாகக் கால் மைல், அதாவது 402 மீட்டர், ஒரே நேர் ஓட்டம். ஆனால் அதில் ஓடும் காரின் பின் அச்சைப் பூட்டும்போது வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாக வைக்கிறார்கள்.

கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சின் முன்பக்கம் நீட்டியிருக்கும் பினியன் என்ற பல்சக்கரத் தண்டுக்குச் சுழற்சியைக் கொண்டுபோவது ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். லாரிக்கு அடியில் சுழலுமே, அதே நீளக் குழாய்தான். இரு முனையிலும் யுனிவர்சல் ஜாயிண்ட். பட்டறையில் 'கிராஸ்' என்றால் புரியும். சாய்ந்து சுழலும் கிராஸ் ஒரு சுற்றுக்குள் இருமுறை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். 10 டிகிரி சாய்வில், நிமிடத்துக்கு 1000 சுற்றாக உள்ளே போவது 985க்கும் 1015க்கும் இடையே ஆடியபடி வெளியே வரும். இரண்டு கிராஸின் சாய்வும் சமமாக இருந்தால் முன்னது கெடுப்பதைப் பின்னது சரிசெய்துவிடும். சாய்வே இல்லாமல் பூட்டினால் என்ன என்று கேட்கலாம். கிராஸுக்குள் இருக்கும் ஊசி பேரிங் உருள அரை டிகிரியாவது வேண்டும். இல்லாவிட்டால் ஒரே இடத்தில் அழுந்தித் தடம் விழும்.

இவ்வளவும் சாதாரணக் காருக்கும் பொருந்தும். பந்தயக் காரின் தலைவலி, அது கிளம்பும் நொடியில் இருக்கிறது. சக்கரம் முன்னோக்கி உருள, அதன் எதிர்விசையால் அச்சின் கூடு பின்னோக்கித் திரும்பும். பினியனின் மூக்கு மேலே எழும். எழும் அளவை முன்கூட்டியே கணித்து, நிற்கும்போதே மூக்கைத் தாழ்த்தி வைக்கிறார்கள். அச்சைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங் என்றால், அது நன்றாக முறுக்கிக்கொள்ளும் என்பதால் 5 முதல் 7 டிகிரி வரைகூடத் தருவார்கள். நான்கு கம்பிகள் அச்சைப் பிடித்திருக்கும் ஃபோர்-லிங்க் காருக்கு ஒன்றிரண்டு டிகிரி போதும்.

கார் தன் சக்கரங்களில், ஓட்டுநரின் எடையோடு நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி, அச்சைத் தொங்கவிட்டு அளப்பது வீண். ஷாஃப்ட் மீது ஒருமுறை, பினியன் மீது ஒருமுறை கோணமானியை வைத்து வித்தியாசம் பார்ப்பார்கள். பட்டை ஸ்பிரிங் என்றால் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்புத் தகடு செருகுவார்கள். ஃபோர்-லிங்க் என்றால் மேல் கம்பிகள் இரண்டையும் ஒரே அளவு திருகிக் குட்டையாக்கினால் மூக்கு தாழும். ஒன்றை மட்டும் திருகினால் ஒரு பக்கச் சக்கரத்தில் பாரம் கூடிவிடும்.

இந்தப் பினியன் கோணத்தைக் கூட்டினால் டயர் தரையை இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பிடிப்பைத் தீர்மானிப்பது கம்பிகள் பொருத்தப்பட்ட இடங்கள். பினியன் கோணத்தின் வேலை, முழு விசையில் கிராஸ்களை ஏறக்குறைய நேராக ஓடவிடுவதுதான்.

கிராஸ் உடைந்தால் ஷாஃப்ட் கழன்று தரையில் குத்தும். அதனால் வேகமான கார்களுக்கு, முன் கிராஸிலிருந்து 6 அங்குலத்துக்குள் ஷாஃப்டைச் சுற்றி இரும்பு வளையம் இருந்தாக வேண்டும் என்பது அங்கே பந்தயங்களை நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பின் விதி.