குமிழின் மேல் ஒரு கை

லெபோ பாசாரில் மாலை ஆறு மணிக்கு ஒலிப்பதிவு செய்ய நினைப்பவருக்குப் பொறுமை வேண்டும். கீழே அஞ்சடி நடைபாதையில் கடைக்கு ஒரு பாட்டு ஓடும், மோட்டார்கள் உறுமும், பலகைத் தளம் அத்தனையையும் மேலே ஏற்றி அனுப்பும். ஜார்ஜ் டவுனின் அப்படிப்பட்ட பழைய கடைவீடு ஒன்றின் மாடியறையில்தான் என் அக்கா மகள் பாடிப் பதிவு செய்கிறாள். ஒரு மைக், ஓர் இன்டர்ஃபேஸ், ஒரு மடிக்கணினி. அவ்வளவுதான் கூடம்.

"மாமா, பல்லவி கேக்கவே மாட்டேங்குது, மேல் ஸ்தாயி போனா வெடிக்குது. கம்ப்ரெஸர் போட்டா சரியாயிடுமா?" என்றாள்.

பாதிதான் சரியாகும். ஏன் என்பதைச் சொல்ல அந்தக் கருவியை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பாட்டை எம்பி3 ஆக்குவதையும் கம்ப்ரெஷன் என்கிறோம். அது கோப்பின் எடையைக் குறைப்பது. இங்கே பேசுவது வேறு. குரலின் உரத்த இடத்துக்கும் மெல்லிய இடத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறுக்குவது.

இந்தத் தேவை வானொலியில் பிறந்தது. பினாங்குக்கு அந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 1934இல் பினாங்கு ஒயர்லெஸ் சங்கம் இசட்எச்ஜே என்ற நிலையத்தைத் தொடங்கி மலாய், ஆங்கிலம், சீனத்தோடு தமிழிலும் ஒலிபரப்பியது. அந்தக் கால வானொலியில் பேசுபவர் குரல் திடீரென்று உயர்ந்தால் அலை நிரம்பி வழிந்து சிதையும். தாழ்ந்தால் இரைச்சலில் மூழ்கிவிடும். அதனால் நிலையங்களில் ஒருவர் முள்ளைப் பார்த்துக்கொண்டே குமிழைக் கூட்டிக் குறைத்தபடி உட்கார்ந்திருப்பார். அந்தக் கையின் வேலையை மின்சுற்றே செய்தால் என்ன என்ற கேள்விக்கு அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 1937இல் கொண்டுவந்த 110ஏ என்ற பெருக்கி ஒரு விடை. 1960களில் ஜேம்ஸ் லாரன்ஸ் வடிவமைத்த எல்ஏ-2ஏ இன்னும் அழகான விடை. குரல் உயரும்போது உள்ளே ஒரு சிறு ஒளித்தகடு பிரகாசிக்கும். அருகிலுள்ள ஒளியுணர் தடை அந்த வெளிச்சத்தைக் கண்டு ஒலியைத் தணிக்கும். பிடி தளரும்போது பாதி சட்டென்று தளரும், மீதி மெல்ல மெல்ல. பாடகர்களுக்கு அது இன்றும் பிடித்திருப்பதற்கு அந்தத் தயக்கமான தளர்ச்சிதான் காரணம் என்று நினைக்கிறேன். இன்றைக்கு அதையே மென்பொருளாக மடிக்கணினியில் வைத்துக்கொள்ளலாம்.

கணக்கு எளிது. கருவி பிடிக்கத் தொடங்கும் வரம்பை மைனஸ் 18 டெசிபெலில் வைத்து, விகிதம் இரண்டுக்கு ஒன்று என்கிறோம். குரல் மைனஸ் 10க்கு ஏறினால் வரம்பை 8 டெசிபெல் தாண்டிவிட்டது. கருவி அதில் பாதியைத்தான் விடும். குரல் மைனஸ் 14இல் நிற்கும். உச்சம் 4 டெசிபெல் இறங்கிவிட்டதால், மொத்தத்தையும் 4 டெசிபெல் தூக்கலாம். பல்லவி மேலே வரும்.

சிக்கலும் அங்கேதான். தூக்கும்போது பல்லவியோடு மின்விசிறி, ஏர்கோன், தெருவில் போகும் லோரி எல்லாம் அதே 4 டெசிபெல் ஏறும். வீட்டில் பதிபவர்கள் பலர் அறையின் குறையைக் கம்ப்ரெஸரால் மறைக்கப் பார்க்கிறார்கள். மறைவதற்குப் பதில் அந்தக் குறை முன்னால் வந்து நிற்கும். மைக்கிலிருந்து நிற்கும் தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும், விசிறி கூடாது. எந்தக் கருவியும் தராத லாபம் இது. மேல் ஸ்தாயியில் முகத்தை ஒரு சாண் பின்னால் இழுத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால், கம்ப்ரெஸரின் பாதி வேலை கழுத்திலேயே முடிந்துவிடும்.

இன்னொன்றும் பலர் கவனிப்பதில்லை. கணினிக்குள் இருக்கும் கம்ப்ரெஸர், ஒலி எண்களாக மாறிய பிறகுதான் அதைத் தொடும். இன்டர்ஃபேஸில் குரல் ஏற்கெனவே நிரம்பிச் சிதைந்திருந்தால் அதை மீட்க முடியாது. எனவே கெயினைக் குறைத்து, உச்சம் மைனஸ் 10ஐத் தாண்டாமல் 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். 24 பிட்டின் கொள்ளளவு கணக்குப்படி 144 டெசிபெல். குறைத்துப் பதிந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. கம்ப்ரெஸரைப் பாடுபவரின் ஹெட்ஃபோனுக்கு மட்டும் கொடுங்கள். அவருக்குத் தன் குரல் நிறைவாகக் கேட்கும், கோப்பில் சுத்தமான குரல் கிடக்கும். பதியும்போதே நசுக்கியதை நாளைக்குப் பிரித்தெடுக்க வழியில்லை.

தமிழ் பாடுபவர்களுக்கு மிக முக்கியமானது அட்டாக், அதாவது கருவி எவ்வளவு விரைவாகப் பிடிக்கிறது என்பது. சொல் முதலில் வரும் க, த, ப போன்ற வல்லினங்களின் வெடிப்பு சில மில்லி நொடிகளில் தீர்ந்துவிடும். அட்டாக்கை 1 மில்லி நொடியில் வைத்தால் கருவி அந்த முனையையே கவ்வும். வல்லினம் மழுங்கும், சொல் குழையும். 20, 30 மில்லி நொடி அவகாசம் கொடுத்தால் வெடிப்பு தப்பிவிடும், பின்னால் வரும் உயிரொலி மட்டும் அடங்கும். 2006இல் யோகி பி குழுவின் 'வல்லவன்' இசைத்தொகுப்பு வந்த பிறகு வளர்ந்த நம் மலேசிய ராப் பாடகர்களுக்கு இது உயிர்நாடி. வல்லினம் தேய்ந்தால் அங்கே தாளமே தேய்ந்துவிடும்.

பிடியை விடும் நேரம் ரிலீஸ். அது மிகக் குறைந்தால் சொற்களுக்கு நடுவே மூச்சு துள்ளி எழும். மிக நீண்டால், நெடிலை இழுத்துப் பாடிவிட்டு இறங்கும் மெல்லிய குறில் அமுங்கிப்போகும். கண்ணிமைப்பதையும் கை நொடிப்பதையும் மாத்திரைக்கு அளவாக வைத்தது தொல்காப்பியம். நான் ரிலீஸைத் தொடங்கும் 150 மில்லி நொடி ஏறத்தாழ ஓர் இமைப்புதான். அங்கிருந்து காதுக்கு ஏற்றபடி நகர்த்துவேன்.

அன்று ஆறு மணிக்கு எதையும் பதியவில்லை. கடைகள் அடைத்த பிறகு, விசிறியை நிறுத்தி, சன்னலில் தடித்த போர்வையைத் தொங்கவிட்டு, அவளை மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்தினேன். வேர்வையோடு மூன்று டேக் பாடினாள். மூன்றாவதில் கம்ப்ரெஸரின் அளவுமானி 3 டெசிபெலுக்கு மேல் அசையவே இல்லை. பல்லவி கேட்டது.