ஃபயர் டிரில்னா காபி பிரேக்கா பாஸ்? தாக்குதலுக்குப் பிறகும் எழுந்து நின்ற நிறுவனங்களின் கதை!

ஆபீஸ்ல திடீர்னு ஃபயர் டிரில் அலாரம் அடிக்குது. நீங்க என்ன பண்ணுவீங்க? ஹெட்போனைக் கழற்றாமலே அக்கம்பக்கம் பார்ப்பீங்க. டீம் லீடர் எழுந்தா நீங்களும் எழுவீங்க. கையில காபி கப்போட பார்க்கிங் வரைக்கும் இறங்கி, ஒரு செல்ஃபி எடுத்துட்டு மறுபடியும் சீட்டுக்கு வந்துடுவீங்க. கரெக்ட்டா?

நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரத்தில் 22 தளங்களில் இயங்கிய மார்கன் ஸ்டான்லி நிறுவனத்திலும் இப்படி முணுமுணுத்தவங்க உண்டு. பங்குச் சந்தை நேரத்தில் போனை வெச்சுட்டுப் படியிறங்கச் சொன்னா யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆனா அங்கே பாதுகாப்புத் தலைவரா இருந்த ரிக் ரெஸ்கார்லா விடவே இல்லை. வியட்நாம் போரில் சண்டை போட்டவர். 1993 பிப்ரவரியில் அதே கட்டடத்தின் பார்க்கிங்கில் வெடிகுண்டு வெடித்து 6 பேர் இறந்தப்போ, புகை மூடிய இருட்டுப் படிகளில் மக்கள் தட்டுத்தடுமாறி இறங்கியதை நேரில் பார்த்தவர். அதுக்கப்புறம் அடிக்கடி ஒத்திகைதான். இரண்டிரண்டு பேரா வரிசையில் வந்து படி இறங்கணும். விருந்தினரா வந்தவங்களுக்குக்கூட படிக்கட்டு எங்கே இருக்குன்னு முதல்லயே சொல்லியாகணும்.

2001 செப்டம்பர் 11. காலை 8.46-க்கு வடக்குக் கோபுரத்தில் விமானம் மோதியது. தெற்குக் கோபுரத்திலோ, 'இந்தக் கட்டடம் பாதுகாப்பா இருக்கு, இடத்துக்குத் திரும்பலாம்' என்று அறிவிப்பு. ரெஸ்கார்லா அதைக் காதில் வாங்காம, மெகாபோனை எடுத்து எல்லோரையும் இறங்கச் சொன்னார். 9.03-க்கு அந்தக் கோபுரத்திலும் விமானம் மோதியபோது பலர் ஏற்கெனவே படிகளில் இருந்தாங்க. அங்கிருந்த சுமார் 2,700 ஊழியர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே தப்பிச்சாங்க. நிறுவனம் இழந்தது 13 பேரை. கடைசியா யாராவது மாட்டியிருக்காங்களான்னு பார்க்க மேலே ஏறிய ரெஸ்கார்லாவும் அதில் ஒருவர்.

ஹெச்.ஆர் மெயிலில் 'பிசினஸ் கன்டினியூட்டி பிளான்'னு வந்தாலே நாம திறக்காம விடுவோமே, அதோட முதல் பக்கம் இதுதான். தாக்குதலோ, தீயோ, வெள்ளமோ, எது வந்தாலும் முதல்ல ஆள் பிழைக்கணும், அப்புறம் வேலை தொடரணும். வெள்ளத்துக்காவது வானிலை அறிக்கை வரும். பயங்கரவாதத் தாக்குதலுக்கு வராது. அதனால 'எது நடக்கும்'னு யோசிக்கிறதைவிட, 'எது இல்லாமப் போனா நாம முடங்கிடுவோம்'னு யோசிக்கிறதுதான் இந்தத் திட்டத்தின் சூட்சுமம். இடமா, ஆளா, டேட்டாவா?

நியூயார்க் மாநகராட்சிக்கே இதுல ஒரு சறுக்கல். நகரத்தின் அவசரகாலக் கட்டுப்பாட்டு மையத்தை எங்கே வெச்சிருந்தாங்க தெரியுமா? அதே வர்த்தக மைய வளாகத்தின் 7-ம் எண் கட்டடத்தில்! ஏற்கெனவே ஒருமுறை குண்டு வெடித்த இடம். தாக்குதல் நடந்த காலையில் முதல் வேலையா அந்த மையத்தையே காலி பண்ண வேண்டியதாச்சு. சாயங்காலம் அந்தக் கட்டடமும் இடிஞ்சு விழுந்துடுச்சு. உங்க லேப்டாப்பும் பேக்கப் ஹார்டு டிஸ்க்கும் ஒரே பையில இருந்தா, அதுவும் இதே கதைதான்.

இன்னொரு நிறுவனம், கேன்டர் ஃபிட்ஸ்ஜெரால்டு. வடக்குக் கோபுரத்தின் உச்சித் தளங்களில் இருந்தது. அன்று ஆபீஸ் வந்திருந்த யாருமே பிழைக்கலை. 658 பேர். டேட்டாவுக்கு நியூஜெர்சியில் தனி பேக்கப் மையம் இருந்தது, லண்டனில் அலுவலகமும் இருந்தது. ஆனா பல சிஸ்டம்களின் பாஸ்வேர்டு இறந்துபோனவங்களுக்கு மட்டும்தான் தெரியும். பாஸ்வேர்டை உடைக்க மைக்ரோசாஃப்ட் நிபுணர்கள் உதவிக்கு வந்தாங்க. அவங்களுக்குத் துப்பு வேணும். அதனால நிறுவனத் தலைவர் ஹோவர்டு லட்னிக் துக்கத்தில் இருந்த குடும்பங்களுக்கே போன் போட்டு, கல்யாண நாள் என்ன, எந்தக் காலேஜ், நாய்க்கு என்ன பேர்னு கேட்க வேண்டி வந்தது. இதைப் படிக்கும்போதே நெஞ்சு அடைக்குதுல்ல? 13-ம் தேதி அமெரிக்கப் பத்திரச் சந்தை திறந்தப்போ அவங்களோட மின்னணு வர்த்தகமும் ஓடத் தொடங்கியிருந்தது. நிறுவனம் பிழைச்சது, அந்த போன் கால்களோட விலையில.

'இதெல்லாம் பெரிய கம்பெனிக்கு பாஸ், நான் வெச்சிருக்கிறது சின்ன கஃபே'ன்னு சொல்றீங்களா? அப்போ லண்டன் பரோ மார்க்கெட்டைப் பாருங்க. சீஸ், பிரெட், மீன்னு விற்கிற உணவுச் சந்தை. 2017 ஜூன் 3 இரவு, லண்டன் பாலத்திலும் இந்தச் சந்தைப் பகுதியிலும் நடந்த தாக்குதலில் 8 பேர் கொல்லப்பட்டாங்க. போலீஸ் அந்தப் பகுதியையே சீல் வெச்சு விசாரிச்சது. சந்தை மறுபடி திறந்தது ஜூன் 14-ல். கடையில் ஒரு கீறல்கூட விழாத வியாபாரிகளும் உள்ளே போக முடியலை. இருந்த உணவுப் பொருள் எல்லாம் வீண். இன்ஷூரன்ஸ் கிடைக்குமான்னு பார்த்தா, பல பாலிசிகளில் 'பொருளுக்குச் சேதம் ஆகியிருந்தால் மட்டும்'னு நிபந்தனை! பூட்டிக் கிடந்த நாட்களின் வருமானத்துக்குப் பதில் இல்லை. பிறகு 2019-ல் பிரிட்டன் சட்டத்தையே திருத்தி, சேதம் இல்லாத வியாபார இழப்புக்கும் காப்பீடு தர வழி பண்ணாங்க.

நம்ம ஊரில் 2002 முதல் பயங்கரவாத ஆபத்துக்காகக் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு பொது நிதி இருக்கு. கடைக்குத் தீ விபத்து பாலிசி எடுக்கும்போது, கூடுதல் பிரீமியம் கட்டி இந்தப் பாதுகாப்பையும் சேர்த்துக்கலாம். ஏஜென்ட்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: 'இது என் பாலிசியில இருக்கா?', 'கடை உடையாம, போலீஸ் தடுப்பால பூட்டிக் கிடந்தா பணம் வருமா?' ரெண்டாவது கேள்விக்கு பெரும்பாலும் கொஞ்சம் யோசிச்சுத்தான் பதில் வரும். அந்தப் பதிலை எழுத்தில் வாங்கிக்கோங்க.

அப்படியே இன்னிக்கு சாயங்காலம் ஆபீஸ்ல இருந்து கிளம்பும்போது ஒரே ஒரு தடவை லிஃப்டைத் தவிர்த்து, படிக்கட்டில் இறங்கிப் பாருங்க. கடைசிக் கதவு திறக்குதா, இல்லை பழைய நாற்காலிகளை அடுக்கிப் பூட்டு போட்டிருக்காங்களான்னு தெரிஞ்சுடும்.