ஹம்பித் தேர்வீதியில் இருந்தவர்கள்

ஹம்பி விரூபாட்சர் கோயிலின் கிழக்குக் கோபுரத்தைத் தாண்டினால், இருமருங்கும் கல்மண்டபங்கள் நிற்கும் அகன்ற வீதி. முக்கால் கிலோமீட்டர் நீளம். 2011 வரை அந்த மண்டபங்களில் ஓர் ஊரே குடியிருந்தது. தூணுக்குத் தூண் சுவர் எழுப்பிய வீடுகள், பூஜைச் சாமான் கடைகள், சாப்பாட்டுக் கடைகள், சிறு விடுதிகள். அந்த ஜூலை மாதக் கடைசியில் புல்டோசர்கள் வந்தன. முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேறின.

ஆக்கிரமிப்பு என்றது அரசு. அதில் உண்மையும் உண்டு. பழைய மண்டபத்தின் தலையில் சிமென்ட் மாடி கட்டினால் கல் எத்தனை நாள் தாங்கும்? 1986இல் உலகப் பாரம்பரியச் சின்னமான ஹம்பியை, துங்கபத்திரை ஆற்றின் அக்கரையிலுள்ள ஆனேகுந்திப் பக்கம் எழுந்த பாலத்தால் யுனெஸ்கோ 1999இல் ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது, விடுவித்தது 2006இல்தான். கட்டுப்பாடு தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால், காப்பாற்றப்பட்டது எந்த வரலாறு? 1520 வாக்கில், கிருஷ்ணதேவராயர் ஆட்சியில், அன்று விஜயநகரமாக இருந்த ஹம்பிக்கு வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ் இந்தக் கோயிலையும் இந்தத் தெருவையும் பற்றி எழுதியிருக்கிறார். தூண் தாழ்வாரங்களோடு அழகான வீடுகள் இருந்தன, யாத்திரிகர்கள் அவற்றில் தங்கினார்கள் என்கிறது அவர் குறிப்பு. வருகிறவர்களுக்கு இடம் கொடுப்பதற்கென்றே அமைந்த தெரு அது. 2011இல் துரத்தப்பட்டவர்களும் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

விஜயநகரம் வீழ்ந்த 1565 தலைக்கோட்டைப் போரோடு ஹம்பியின் கதையை முடித்துவிடுகின்றன நம் பாடப்புத்தகங்கள். சுற்றுவட்டார மக்களுக்கு அது முடிந்த கதையல்ல. அவர்களுக்கு இது பம்பாதேவி விரூபாட்சரை மணந்த தலம். ஆற்றுக்கு அக்கரையில் அனுமன் பிறந்த அஞ்சனாத்ரி. இந்த மலைகளெல்லாம் கிஷ்கிந்தை. துங்கபத்திரையில் முழுகிவிட்டுச் சாமி கும்பிட வருகிறார்கள். பங்குனி, சித்திரை வாக்கில் இதே வீதியில் தேர் ஓடுகிறது. தொல்லியல் வரைபடத்தில் ‘கடைவீதி இடிபாடு’ என்று குறிக்கப்படும் இடம், வடம் பிடிப்பவர்களுக்குத் தேரோடும் வீதி.

எந்த மண்டபம் யாருக்கு, எந்த நாளில், எதற்குப் பயன்படுகிறது என்று அங்கிருந்தவர்களிடம் முதலில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். மாடிகளை அகற்றி, கல்லுக்குக் கேடு செய்யாத கடைகளை விட்டுவைத்து, மண்டபம் மண்டபமாகச் சீர்செய்திருக்கலாம். அதற்குக் காலம் பிடித்திருக்கும், பிடித்தால் என்ன? குடும்பங்களுக்கு மாற்றிடம் காட்டப்பட்டது சில கிலோமீட்டர் தள்ளி, கட்டிராம்புராவில். கோயில் வாசலை நம்பிப் பிழைத்தவர்களுக்கு அந்தத் தூரம் ஒரு தொழிலையே பறித்த தூரம்.