கருணையா, நீதியா?

மே தினம் வந்தால் சிகாகோவில் தூக்குமேடை ஏறிய நால்வரை நினைவுகூர்கிறோம், கண்ணீர் உகுக்கிறோம். எஞ்சிய மூவருக்காகச் சிறைக்கதவைத் திறந்துவிட்டவரை நினைக்கிறோமா? இல்லை!

ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட் என்பது அவர் பெயர். 1847-இல் ஜெர்மனியில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்கா சென்ற ஏழை உழவரின் மகன். பதினாறு வயதில் லிங்கனின் படையிலே சிப்பாய். பிறகு ஆசிரியர், வழக்கறிஞர், சிகாகோவில் நீதிபதி. 1893-இல் இல்லினாய்ஸ் மாநிலத்தின் கவர்னர். ஏணியில் ஏறியவர் எத்தனையோ பேர்! ஏறிய பின் என்ன செய்தார் என்பதே நாம் கேட்பது.

1886 மே 4. எட்டு மணி நேர வேலை கேட்டுத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்த நாட்கள். ஹேமார்க்கெட் திடலில் கூட்டம் கலையும் வேளையில் போலீஸ் படை புகுந்தது. எவனோ குண்டு வீசினான். போலீசாரும் மாண்டனர், பாட்டாளிகளும் மாண்டனர். வீசியவன் யார்? அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை! ஆனாலும் எட்டுப் பேர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். 1887 நவம்பர் 11-இல் நால்வர் தூக்கிலே. அதற்கு முதல் நாளே ஒருவர் சிறையறையில் மாண்டார். பீல்டன், ஷ்வாப், நீப் மூவரும் ஜோலியட் சிறையிலே.

மூவரையும் விடுதலை செய்க என்று கேட்ட விண்ணப்பத்தில் சீமான்கள் சிலரும் ஒப்பமிட்டிருந்தனர். 'போதிய தண்டனை அனுபவித்துவிட்டார்கள், கருணை காட்டுகிறேன்' என்று இரண்டு வரி எழுதியிருந்தால் போதும், பாராட்டுக்கூடக் கிடைத்திருக்கும். ஆல்ட்கெல்ட் அப்படி எழுதவில்லை. வழக்கு ஏடுகளைப் புரட்டினார், வரிவரியாக ஆராய்ந்தார். 1893 ஜூன் 26-இல் மூவரையும் விடுவித்து, நீண்டதோர் அறிக்கையும் தந்தார். ஜூரிகளைப் பொறுக்கி எடுத்த விதம் முறைகேடு. குண்டு வீசியவனுக்கும் இவர்களுக்கும் தொடர்பு காட்டச் சான்று இல்லை. நீதிபதி கேரி நடுநிலை தவறினார் என்று அடுக்கினார். குற்றவாளிக்குக் காட்டும் கருணை அல்ல அது. குற்றமற்றவனுக்குச் செலுத்தும் கடன்! நீதிபதியாக இருந்தவரே நீதிமன்றத்தின் முகத்துக்கு நேரே கண்ணாடி பிடித்தால் சும்மா விடுவார்களா? ஏடுகள் சீறின. அராஜகவாதி என்றன, அன்னியன் என்றன.

அவர் அடங்கினாரா? அதே 1893-இல் குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் தொழிற்சாலைச் சட்டத்துக்கு ஒப்பமிட்டார். 1894-இல் புல்மன் வேலைநிறுத்தத்தை ஒடுக்க ஜனாதிபதி கிளீவ்லண்ட், மாநிலத்தைக் கேளாமலே பட்டாளத்தை அனுப்பினார். கிளீவ்லண்ட் வேறு கட்சியா? இவருடைய கட்சியேதான்! மாநில உரிமை எங்கே என்று தந்திமேல் தந்தி அடித்தார் ஆல்ட்கெல்ட்.

1896 தேர்தலிலே தோல்வி. பதவி போயிற்று, பதினாறு அடுக்குக் கட்டடம் எழுப்பிய செல்வமும் கரைந்தது. மீண்டும் வழக்கறிஞர் தொழிலுக்கே திரும்பினார். 1902 மார்ச்சில், பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தை எதிர்த்து நின்ற போயர்களுக்காகப் பேச ஓர் ஊருக்குச் சென்றார். பேசி முடித்ததும் சாய்ந்தார், மறுநாள் மறைந்தார்.

அந்த ஊர் ஜோலியட்.