வேடந்தாங்கல் வயலுக்கு உரம் போடுவது யார், தெரியுமா?

அமெரிக்காவில் மானுக்காகவே பயிர் வைக்கிறவர்கள் உண்டு, தெரியுமா? பயிர், நம்மூர் மாட்டுக்காரர்கள் அறிந்த குதிரைமசால்தான். அதன் இலை ருசிக்கு வெண்வால் மான்கள் கூட்டமாக வந்து மேயும். அந்த நிலத்தை வேட்டைக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டுப் பணம் பார்க்கிறார்கள்!

இங்கே அது நடக்காது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமானை வேட்டையாடுவது குற்றம். நல்லதுதான். பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறியும் மானை மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில் அத்தனை ஆசையாகச் செதுக்கிய மண்ணுக்கு அந்தக் காசு வேண்டாம்.

ஆனால், காட்டு உயிரை வரவழைத்து, சுடாமலே நிலத்தில் பலன் காணும் வித்தை செங்கல்பட்டுச் சீமைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரியும்! மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் வேடந்தாங்கல். ஏரியின் பரப்பு சுமார் 30 எக்டேர்தான். அதிலுள்ள நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, அரிவாள்மூக்கன் என ஆயிரக்கணக்கில் பறவைகள் வந்து கூடு கட்டும். அவற்றின் எச்சம் ஏரித் தண்ணீரில் விழுந்து கரையும். மதகைத் திறந்தால் தழைச்சத்தும் மணிச்சத்தும் தண்ணீரோடு சேர்ந்தே நெல் வயலுக்குப் பாயும். மூட்டை தூக்க வேண்டாம், கடன் சொல்ல வேண்டாம்!

ஊரார் இதைச் சும்மா விட்டுவிடவில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது நேராக அரசிடம் முறையிட்டார்கள். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்குக் கவுலாகவே, அதாவது எழுத்துப்பூர்வ உறுதியாகவே, எழுதிக் கொடுத்தார். பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குக்கூட அங்கே வெடி வெடிப்பதில்லை. 2022இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்துவிட்டது இந்த ஏரி.

நிலத்துக்கு உரமூட்டும் இதே கைவண்ணம் குதிரைமசாலுக்கும் உண்டு, தெரியுமா? அதன் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக்கித் தரும். கடலோரப் புழுக்கம் மட்டும் அதற்கு ஒத்துவராது. கவலை வேண்டாம், அதற்குப் பதிலாக வேலிமசால் என்ற தீவனப் பயிர் இருக்கிறது! விதைத்த 90 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் 40 நாளுக்கு ஒருமுறை. புரதம் நிறைந்த பசுந்தீவனம் வீட்டு வாசலிலேயே கிடைக்கும்.

மாடு வைத்திருக்கிறீர்களா? காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் யோசனை கேட்டு, வரப்போரமாவது கொஞ்சம் வேலிமசால் விதைத்துப் பாருங்கள். விதையின் மேல்தோல் கடினமானது. வெந்நீரில் நனைத்து விதைக்கும் முறையையும் மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.